அக்காவின் இடது கை

ஐந்து வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். அது ஏழு வாரமாக நீண்டது. பெரும்பகுதி அக்காவின் இடது கையோடு மருத்துவமனைகளிலேயே கழிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு மாதம் முன்னாலேயே போயிருக்கலாமே என்பதுதான் வருத்தம். விடுமுறையில் வந்து வீட்டில் ஒருவரை வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அக்காவுக்கு 54 வயது. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து நான்கு வாரம் கழித்து நான் போய் இறங்கினேன். போனில் பேசும்போதெல்லாம் "கொஞ்சம் வலி இருக்குடா, சரியாயிடும்" என்பாள், அவ்வளவுதான். வாசலில் பார்த்தபோது கையை மார்போடு அணைத்து, ஈரத்துண்டைச் சுற்றி வைத்திருந்தாள். நான் தோளைத் தொடப் போனதும் சட்டென்று விலகினாள்.

அன்று இரவு துண்டை எடுத்துக் காட்டினாள். விரல்கள் வீங்கியிருந்தன. தோல் மெழுகு பூசியதுபோல் பளபளத்தது. நிறம் சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. உள்ளங்கை முழுக்க வேர்வை. வலது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளுடைய கைகள் என்று சொல்ல முடியாது. மின்விசிறியை வேகமாக வைக்க விடமாட்டாள், காற்றுப் பட்டாலே எரியும். "இது என் கை மாதிரியே இல்லடா தம்பி. யாரோடதையோ தூக்கிட்டு அலையற மாதிரி இருக்கு" என்றாள். ஏதோ சலிப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாளே கட்டுப் போட்ட மருத்துவமனைக்குப் போனோம். குறை சொல்லுமுன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் நாட்டில் எலும்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே போன அன்றே பார்த்துவிட்டோம். எக்ஸ்ரேவும் உடனே எடுத்து, படத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தாரே தவிர, கையைப் பார்க்கவில்லை. துண்டைப் பிரிக்கச் சொல்லவே இல்லை. "எலும்பு நல்லா கூடியிருக்கு. இனி வலிக்கக் காரணமே இல்லை. ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். ஐஸ் வைக்கவும், கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டுக்குள் கையைப் போட்டு அசைக்காமல் வைத்துக்கொள்ளவும் சொன்னார். அவளுக்கு வந்திருந்த நோய்க்கு அந்த இரண்டுமே ஆகாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கீழ்த்தளத்தில் பிசியோதெரபி. அங்கே ஒருவர் விரல்களைப் பிடித்து அழுத்தி மடக்கினார். அக்கா கத்திவிட்டாள். இரவு வீக்கம் இன்னும் ஏறியது. விடிய விடிய உட்கார்ந்திருந்தவள், "ஒருவேளை எல்லாம் என் மனசுலதான் இருக்கோ?" என்று கேட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் பலரையும் விசாரித்த பிறகுதான் 'வலி சிகிச்சைப் பிரிவு' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களில் சிலர் வலி மருத்துவத்தில் தனியாகப் பயிற்சி எடுத்து இதைக் கவனிக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையைக் கேட்டால் வழி சொல்வார்கள். வரவேற்பு மேசையில் வெறுமனே 'வலி' என்று சொன்னால் மறுபடியும் எலும்புப் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள். எங்களை இரண்டு முறை அனுப்பினார்கள்.

அங்கே பார்த்த டாக்டர் ஒரு பெண். முதல் வேலையாக இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். தன் புறங்கையால் மெதுவாகத் தொட்டுச் சூடு பார்த்தார். பஞ்சால் வருடினார். பஞ்சுக்கே அக்கா முகம் சுளித்ததைக் குறித்துக்கொண்டார். நகங்களையும் முழங்கைக்குக் கீழே முடி அடர்ந்திருப்பதையும் பார்த்தார், எங்கள் யார் கண்ணிலும் படாத விஷயம் அது. கண்ணை மூடச் சொல்லி, "உங்க இடது கை எவ்வளவு பெரிசா இருக்கிற மாதிரி தோணுது, காட்டுங்க" என்றார். அக்கா வலது கையால் ஒரு தலையணை அளவுக்கு அகலம் காட்டினாள். அப்புறம்தான் டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்தார். முதல் மருத்துவமனையில் எடுத்த அதே படம்தான். மூட்டுகளின் பக்கத்தில் எலும்பு திட்டுத்திட்டாக வெளிறியிருப்பதைக் காட்டினார்.

"அம்மா, இதுக்குப் பேர் இருக்கு. காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். சுருக்கமா சி.ஆர்.பி.எஸ். நீங்க கற்பனை பண்ணலை" என்றார். அக்கா அழுதாள். நானும்தான்.

இதைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். 2003-இல் புடாபெஸ்ட் நகரில் வல்லுநர்கள் கூடிப் பேசியதிலிருந்து உருவான அளவுகோலைத்தான் இன்று உலகெங்கும் வைத்துப் பார்க்கிறார்கள். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத ஓயாத வலி இருக்க வேண்டும். அதோடு தொடு உணர்ச்சி, தோலின் நிறமும் சூடும், வீக்கமும் வேர்வையும், அசைவும் நகம், முடி, தோல் ஆகியவற்றின் மாற்றமும் என்று நான்கு வகை. இவற்றில் மூன்று வகையிலாவது நோயாளி தொந்தரவு சொல்ல வேண்டும், இரண்டு வகையிலாவது மருத்துவர் கண்ணால் காண வேண்டும், வேறு நோயால் இது விளக்கப்படவும் கூடாது. இவ்வளவும் கையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். துண்டைப் பிரிக்காத டாக்டருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பெயர்தான் புதிது, நோய் பழையது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சிதைந்த வீரர்களிடம் இந்த எரிச்சலைக் கண்டு சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய நோயாளிகள் எரிச்சல் தாங்காமல் அந்த இடத்தை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்களாம். டாக்டர் இதைச் சொன்னதும் அக்கா தன் மடியிலிருந்த ஈரத்துண்டைப் பார்த்தாள். எலும்பு வெளிறுவதை 1900-இல் கவனித்தவர் ஹாம்பர்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் சூடெக். இப்போதைய பெயர் 1994-இல் வந்தது. நரம்பில் காயம் இல்லாவிட்டால் முதல் வகை, இருந்தால் இரண்டாம் வகை. அக்காவுக்கு முதல் வகை. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதுவும் மணிக்கட்டு முறிவுக்குப் பின்னால் அடிக்கடி காணப்படுகிறது.

ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. காயத்தின் அழற்சி அடங்காமல் நீள்வது, ரத்தக்குழாயையும் வேர்வையையும் ஆளும் நரம்புகள் தடுமாறுவது, வலியைக் கடத்தும் நரம்புகள் கூர்மையாகிவிடுவது என்று பல சேர்கின்றன. மூளையில் கைக்கென்று இருக்கும் வரைபடமும் கலைந்துபோகிறது. 'யாரோடதோ கை' என்று அக்கா சொன்னதும், தலையணை அளவு காட்டியதும் இதனால்தான். அந்த வார்த்தையைச் சலிப்பு என்று நினைத்ததற்காக அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சிகிச்சையில் மருந்து ஒரு துணைதான். ஆரம்ப நிலையில் சிலருக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டாம். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்றுவிட்டார். இரவில் நரம்பு வலிக்கான காபாபென்டின் மாத்திரை, குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினார்கள். முதல் வாரம் தலைச்சுற்றலும் தூக்கமுமாக இருந்தது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எலும்புக்கான பிஸ்பாஸ்போனேட் மருந்து பற்றியும் பேசினார். அதற்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வைட்டமின் சி பற்றி நான் எங்கோ படித்திருந்ததைக் கேட்டேன். அது முறிவு ஏற்பட்ட உடனே, இந்த நோய் வராமல் தடுக்கச் சிலர் கொடுப்பது, அதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, வந்தபின் பயனில்லை என்றார். "கையை நீங்க திரும்பப் பயன்படுத்தணும், அதுதான் மருந்து. மாத்திரை அதுக்கு இடம் பண்ணிக் கொடுக்கும்" என்றார்.

அந்த வேலையைச் செய்தது இன்னொரு பிசியோதெரபிஸ்ட், இருபதுகளில் இருக்கும் பெண். முதல் நாள் அவள் அந்தக் கையைத் தொடவே இல்லை. கண்ணாடியை வைத்துச் செய்யும் பயிற்சி என்று இணையத்தில் பார்த்திருந்தேன். அதையே உடனே செய்யலாமே என்று அவசரப்பட்டேன். "சார், அது மூணாவது படி. நேரா அங்கே போனா சிலருக்கு வலி கூடிடும்" என்றாள். ஆஸ்திரேலியாவின் வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி வகுத்த வரிசையாம். முதலில் படத்தைப் பார்த்து இடது கையா வலது கையா என்று சொல்வது, அடுத்து கையை அசைக்காமல் அசைப்பதாக மனதில் நினைப்பது, கடைசியில்தான் கண்ணாடி.

படங்களுக்கு நானே பொறுப்பெடுத்தேன். என் கையையும் அக்கா மகளின் கையையும் திருப்பியும் மடக்கியும் விரித்தும் போனில் எடுத்து 48 அட்டைகளாக அச்சடித்தோம். சாயங்காலம் அக்கா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன். வலது கைப் படம் என்றால் உடனே சொல்லிவிடுவாள். இடது என்றால் திணறுவாள், உதடு அசையும், தலையைச் சாய்ப்பாள். படத்தைப் பார்ப்பதற்கே அப்படி. பத்து நாளில் அந்தத் திணறல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. கை இன்னும் அதே வீக்கத்தோடுதான் இருந்தது, ஆனாலும் எனக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது.

கூடவே தோலைப் பழக்குவது. முதலில் பட்டுத்துணி, பிறகு பஞ்சு, பிறகு பருத்தி, கடைசியில் சொரசொரப்பான துண்டு. வலிக்காத முழங்கைப் பக்கம் ஆரம்பித்து, தாங்குகிற இடம்வரை கீழே வர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்குப் பல தடவை. தாங்க முடியாமல் போகுமுன் நிறுத்திவிட வேண்டும், அதற்காக ஒரு நாளும் விட்டுவிடவும் கூடாது.

நான்காவது வாரம் வலி போதுமான அளவு இறங்கவில்லை என்று ஸ்டெல்லேட் கேங்க்லியன் பிளாக் செய்தார்கள். கழுத்தின் முன்பக்கம், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, கைக்குப் போகும் தன்னியக்க நரம்புக் கொத்தின்மேல் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்பதை டாக்டர் ஒளிக்கவில்லை. வெளியே வந்தபோது அக்காவின் இடது இமை சற்றுத் தொங்கியிருந்தது, குரல் கரகரத்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சில மணி நேரத்தில் சரியானது. குரல் தெளியும்வரை தண்ணீர் குடிக்க விடவில்லை. கை வெதுவெதுப்பாகி, எரிச்சல் தணிந்திருந்தது. நான் அதிகம் மதிப்பது இதைத்தான்: அந்தப் பிசியோதெரபிஸ்ட் அடுத்த அறையில் தயாராகக் காத்திருந்தாள். வலி அடங்கியிருந்த நேரத்தைத் துளியும் வீணாக்காமல் 40 நிமிடம் விரல்களை அக்காவே மடக்கி நீட்டும்படி செய்தாள். ஊசிபோட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பாதி பலன் போயிருக்கும்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மறுபடியும் மனசுன்னு சொல்றீங்களா?" டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலி உண்மை, தூக்கம் போய், பயத்தில் கையை ஒளித்து வைத்தால் உண்மையான வலி இன்னும் கூடும், அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் என்றார். இரண்டு முறை போனாள். மூன்றாவதுக்கு அவளே தேதி வாங்கினாள்.

சேவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வேகமும் திறமையும் இருக்கிறது, தேடிப் பிடிக்கத்தான் பாடு. எலும்பு மருத்துவர் தானாகவே வலிப் பிரிவுக்கு அனுப்பியிருந்தால் ஒரு மாத வேதனை மிச்சமாகியிருக்கும். தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கைகூட எங்கேயும் கிடைக்கவில்லை. டாக்டர் சொன்னதை நான்தான் இரண்டு தாளில் எழுதி வீட்டில் ஒட்டினேன். நீங்கள் போவதாக இருந்தால் கையைத் தினமும் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் வீக்கமும் நிறமும் மணிக்கு மணி மாறும், டாக்டர் முன்னால் நல்லபடியாக இருந்துவிடும். இரண்டு கைகளையும் சேர்த்து எடுங்கள். வலி மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒருவரோடொருவர் பேசுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் மறு கையில் செய்யச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் பலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்குத் தங்கிவிடுகிறது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு ஆறாவது வாரம் வந்தோம். கை துண்டிக்கப்படாத தனக்கு எதற்கு இந்தக் கண்ணாடி என்று அக்கா கேட்டாள். கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக 1990-களில் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த வழி அது, பிறகு இந்த நோய்க்கும் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இடது கையைப் பின்னால் மறைத்து, வலது கையை மெல்ல விரித்து மூடச் சொன்னாள். கண்ணாடிக்குள் இடது கை வீக்கமில்லாமல், நல்ல நிறத்தோடு விரிந்து மூடியது. அக்கா ஒன்றும் பேசவில்லை. நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகும் இன்னும் இரண்டு நிமிடம் கேட்டாள்.

நான் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. குளிர்ந்த காலைகளில் கை இன்னும் ஊதாவாகிறது, முழுதாக மூட வரவில்லை, சுண்டுவிரல் பிடிவாதமாக நிற்கிறது. பிசியோதெரபி வாரம் ஒரு முறை, வீடியோவிலும் நேரிலுமாகப் போகிறது. சட்டையின் ஆறு பொத்தான்களை இரண்டு கையாலும் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் மகள் தினமும் கணக்கெடுத்து எனக்கு அனுப்புகிறாள். முதல் நாள் 11 நிமிடம். நேற்று 4.