பி53 புரதம்: பாக்டீரியாவில் செய்ததா, பூச்சிச் செல்லில் செய்ததா, மனிதச் செல்லில் செய்ததா?

திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பி53 என்ற படியெடுப்புக் காரணி டிஎன்ஏவில் எங்கே, எவ்வளவு இறுக்கமாகப் போய் ஒட்டுகிறது என்று ஜெல் ஷிஃப்ட்டில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏவை ஓட்டும் சோதனை இது; புரதம் ஒட்டிய டிஎன்ஏ மெதுவாக நகர்ந்து மேலேயே பட்டையாக நிற்கும், ஒட்டாதது அடிக்கு ஓடிவிடும். டிஎன்ஏ சேதமானதும் பி21 போன்ற ஜீன்களை முடுக்கிவிட்டு, செல் பிரிவதை நிறுத்தி வைக்கும் புரதம் இது. 393 அமினோ அமிலம், நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்யும். விற்பனைக்கு வருகிற குப்பிகளில் எல்லாம் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும். எந்தச் செல்லில் செய்தது என்பது சின்ன எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

முதலில் நான் வாங்கியது ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் செய்த முழு நீளப் புரதம். மூன்றில் இதுதான் விலை குறைவு, அளவும் தாராளம். ஜெல்லை ஓட்டினால் டிஎன்ஏ மொத்தமும் அடியிலேயே கிடந்தது, மேலே ஒரு பட்டைகூட இல்லை. என் கைத்தவறு என்று நினைத்து மூன்று நாள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அப்புறம் புரதத்தின் வால் பகுதியைப் பிடிக்கும் 421 ஆன்டிபாடியைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தேன். பட்டை பளிச்சென்று மேலே ஏறி நின்றது. பாக்டீரியா இந்தப் புரதத்தின் மேல் பாஸ்பேட், அசிட்டைல் போன்ற வேதித் துணுக்குகள் எதையும் மனிதச் செல் போல ஏற்றாது. அதனால் வால், சின்ன டிஎன்ஏ துண்டைச் சரியாகப் பிடிக்க விடாது. ஆன்டிபாடி அந்த வாலைக் கட்டிப்போட்டதும் பிடிப்பு வந்துவிடுகிறது. 1992-லேயே வெளிவந்த விஷயம் இது, எனக்குத்தான் தெரியாமல் போனது.

ஆனால் அதே ஈ. கோலையில் நடுப்பகுதியை மட்டும், அதாவது 94-ஆவது அமினோ அமிலம் முதல் 312 வரை, செய்து வாங்கினால் கதையே வேறு. வால் இல்லாததால் தடையும் இல்லை. மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும், நடுப்பகுதியில் வரும் பிறழ்வுகளை ஒப்பிடவும் இதைவிட நல்லது வேறில்லை.

பூச்சிச் செல் என்றால் எஸ்எஃப்9. நம் ஊர் மக்காச்சோளத்தை 2018-இலிருந்து படுத்தி எடுக்கிற படைப்புழு இருக்கிறதே, அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து வந்த, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்வரிசை. இதில் செய்த முழு நீளப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கும், ஆன்டிபாடி சேர்க்காமலே டிஎன்ஏவை நன்றாகப் பிடித்தது. மனிதச் செல்லில் ஏறுவதைப் போலவே அச்சாக ஏறியிருக்கும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. நாமே வளர்க்கலாம் என்றால் 27 டிகிரி வேண்டும். சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. மே மாதத்தில் இங்கே 27 டிகிரிக்குக் குளிர்விக்கும் இன்குபேட்டர் இல்லாமல் முடியாது.

மனிதப் புரதம்தானே, மனிதச் செல்லில் செய்ததே சிறந்தது என்று ஹெக்293 என்ற மனிதச் செல்வரிசைக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன். பி53 விஷயத்தில் அங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தச் செல்வரிசையை உருவாக்கியதே அடினோவைரஸ் டிஎன்ஏவைச் செலுத்தித்தான். அந்த வைரஸின் ஈ1பி புரதம் பி53-ஐத் தேடிப் பிடித்து முடக்கும் வகை. அதன் இன்னொரு வகையான 293டி என்றால் கூடவே எஸ்வி40 என்ற வைரஸின் பெரிய டி புரதமும் இருக்கும், அதுவும் பி53-ஐப் பிடிக்கும். சுத்திகரிப்பில் இவை ஒட்டிக்கொண்டு வந்ததா என்று ஜெல் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள். அசிட்டைல் ஏறிய வடிவம்தான் வேண்டும் என்றால் தவிர, இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அந்தப் படத்தில் பட்டை 53 கிலோடால்டனில் நிற்கும், உண்மையான எடையோ கிட்டத்தட்ட 44. புரோலின் நிறைந்த பகுதியால் வரும் தோற்றம் அது, பயப்பட வேண்டாம். சுத்திகரிக்க வசதியாகப் புரதத்தோடு ஒட்டிச் செய்யும் துணுக்குதான் டேக்; அதில் ஜிஎஸ்டி டேக் மட்டும் வேண்டாம். அது தானே இரண்டிரண்டாகச் சேரும், நாலு பேர் கூட்டணியில் குழப்பம் வரும். ஹிஸ் டேக் போதும்.

எங்கே செய்ததாக இருந்தாலும் வெயில்தான் பொது எதிரி. இதன் நடுப்பகுதி 37 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் பாதி குலைந்துவிடும். செய்முறைத் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியவர் 20, 25-ஐ நினைத்து எழுதியிருப்பார். இங்கே கரண்ட் போய் ஏசி நின்றால் மேசையிலேயே 34 காட்டும். ஒருமுறை எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் பார்சல் வண்டி மாட்டிக்கொண்டது. பெட்டியைத் திறந்தால் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை, குப்பியில் இருந்தது உருகி நீராகக் குலுங்கியது. அந்தக் குப்பியில் இருந்ததை ஓட்டிப் பார்த்ததில் பட்டை வழக்கத்தில் பாதிகூடத் தெரியவில்லை.

இப்போது எஸ்எஃப்9 முழு நீளம் ஒன்று, ஈ. கோலை நடுப்பகுதி ஒன்று என்று ஜனவரியிலேயே வரவழைத்துவிடுகிறேன். வந்த அன்றே ஐஸ் மேல் வைத்து 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் போட்டுவிடுவேன். ஒருமுறை உருகிய குழாய் திரும்ப ஃப்ரீசருக்குள் போகாது.