பரவலாக்கப்பட்ட நிலை மதிப்பீடு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

குழாய்களால் பிணைந்த பன்னிரண்டு நீர்த்தொட்டிகளின் மட்டத்தையும் அவற்றிடையே பாயும் நீரின் அளவையும், மையக் கணினி எதுவுமின்றி, தொட்டிக்கு ஒரு கணு (சிறு கணிப்புக் கருவி) என்று அமைத்து நான்கு ஆண்டுகளாக மதிப்பிட்டு வருகிறேன். ஒவ்வொரு கணுவும் 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டியை, அதாவது முன்கணிப்பையும் அளவீட்டையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்பக் கலந்து மதிப்பிடும் கணித முறையை, தன் அளவில் இயக்கி, தன் சென்சாரின் அளவீட்டோடு அண்டைக் கணுக்களின் மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்கிறது. கலக்கும் விகிதத்துக்கு மெட்ரோபோலிஸ் எடைகளை எடுத்துக்கொண்டேன். அவற்றைக் கணக்கிட, தனக்கும் அண்டைக்கும் எத்தனை இணைப்புகள் என்று ஒரு கணுவுக்குத் தெரிந்தாலே போதும். ஒரு கணு நின்றாலும் மற்றவை ஓடின. முதல் ஆண்டு நிறைவாகவே கழிந்தது.

இரண்டாம் ஆண்டில் குறை வெளிப்பட்டது. ஏழாம் தொட்டியின் மட்டம் 3 மில்லிமீட்டர் பிழைக்குள் இருப்பதாகக் கணு காட்டிக்கொண்டிருக்க, அளவுகோலை இறக்கிப் பார்த்தபோது அதன் ஈரக்கோடு 4 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. மதிப்பீடு தவறுவது இயல்புதான். தவறிய வேளையிலும் அது தன் பிழையைக் குறைத்துச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழாம் கணு அனுப்பிய தகவலே எட்டு, ஒன்பது வழியாகச் சுற்றி, புதிய சான்றுபோல அதனிடமே திரும்பி வந்திருந்தது. மாறுபாடு (பிழையின் வர்க்கச் சராசரி) 4 உள்ள ஒரே தகவலை இருவர் சொல்ல, அவற்றைச் சார்பற்றவை என்று கருதி இணைத்தால் மாறுபாடு 2 ஆகிவிடும். அறிந்ததோ துளியும் கூடியிருக்காது.

1997-இல் ஜூலியரும் உல்மனும் முன்வைத்த கோவேரியன்ஸ் இன்டர்செக்‌ஷன் முறைக்கு அதன்பின் மாறினேன். இரு தகவல்களுக்கும் உள்ள தொடர்பு தெரியாவிட்டாலும் அது பிழையைக் குறைத்துச் சொல்லாது. மேற்சொன்ன 4 அதில் 4 ஆகவே நிற்கும். ஆனால் உண்மையிலேயே புதிய தகவல் வந்தாலும் அது அதே தயக்கத்தோடுதான் நடந்துகொள்கிறது. ஆகவே முன்கணிப்புகளை மட்டும் இம்முறையில் இணைத்துவிட்டு, அந்தக் கணத்தில் வந்த அளவீடுகளை, அவற்றின் இரைச்சல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், பிறகு வழக்கமான முறையில் சேர்க்கிறேன். நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இந்த வரிசைதான்.

இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு சோதனையை ஓடவிட வேண்டும். எதிர்பார்த்த அளவீட்டுக்கும் வந்த அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை, வடிகட்டி கணித்த மாறுபாட்டால் வகுத்துச் சராசரி எடுத்தால், ஒரே சென்சார் உள்ள கணுவில் அது 1-ஐ ஒட்டியிருக்க வேண்டும். என் ஏழாம் கணுவில் பழைய முறையில் அது 6 வரை ஏறியிருந்தது; இப்போது 1-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

பன்னிரண்டாம் கணு ஒரே தகவல் இணைப்பை நம்பியிருப்பது இன்னும் தீராத குறை. அது அறுந்தால் அங்கே நீரோட்டத்தின் மதிப்பீடு மெல்ல விலகத் தொடங்குகிறது. ஒன்பதாம் கணுவிலிருந்து இரண்டாவது இணைப்பைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.