கமுதியின் தகடுகளும் குந்தாவின் அணைகளும்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்தின் திறனும் ஏறத்தாழ இதே அளவுதான். எது சூழலை அதிகம் காயப்படுத்தியது என்று கேட்டால், கமுதியைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். அங்கே எல்லாம் கண்ணெதிரே தெரிகிறது என்பதுதான் காரணம்.

கமுதிப் பக்கம் மானாவாரி பூமி. மிளகாயும் சீமைக்கருவேலமும் ஆட்டுக்கிடையும்தான் அங்கே வாழ்க்கை. காகிதத்தில் 'தரிசு' என்று எழுதப்படும் நிலம், ஆடு மேய்ப்பவருக்குத் தரிசு அல்ல. வேலி போட்ட பிறகு அவர் சுற்றித்தான் போக வேண்டும். பேனல்களுக்கு ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். அதன்பின் மலையாகக் குவியப்போகும் கண்ணாடியையும் ஈயம் கலந்த பற்றவைப்புகளையும் என்ன செய்வது என்பதற்கு, 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில்தான் இடம் கிடைத்தது. ஆனாலும் தூண்களைப் பிடுங்கிவிட்டால் நிலம் நிலமாகவே இருக்கும்.

குந்தாவில் அந்த வசதி இல்லை. 1950-களில் கனடாவின் உதவியோடு தொடங்கிய திட்டம் அது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று நீர்த்தேக்கங்கள் எழும்ப, பள்ளத்தாக்குகள் நீருக்கடியில் போயின. சோலைக்காடும் புல்வெளியும் நட்டு வளர்க்கும் தோட்டமல்ல; போனால் போனதுதான். ஆறும் இப்போது தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை, மின்தேவை சொல்லும் நேரத்தில் ஓடுகிறது.

ஆனால் குந்தாவின் சாமர்த்தியத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே தண்ணீர் சுரங்கக் குழாய்களில் இறங்கி, மின்நிலையம் மாறி மின்நிலையமாகச் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் பில்லூரில் கோவைக்குக் குடிநீராகவும் ஆகிறது. மலைச்சரிவு செங்குத்து என்பதால் குறைந்த நீரில் நிறைய மின்சாரம். பிரேசிலின் பால்பினா அணையோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்: அங்கே வெறும் 250 மெகாவாட்டுக்காக 2,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அமேசான் காடு மூழ்கியது. அழுகிய மரங்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கக்கின.

அதனால்தான் நீர்மின்சாரம் வெளியிடும் வாயுவுக்கு ஒற்றை எண் சொன்னால் நான் நம்புவதில்லை. பன்னாட்டுக் காலநிலைக் குழு 2014-இல் தந்த நடுமதிப்பு, யூனிட்டுக்கு நீர்மின்சாரம் 24 கிராம் கரியமில வாயு, பெரிய சூரியப் பண்ணை 48, நிலக்கரி 820. ஆனால் நீர்மின்சாரத்தின் மேல் எல்லை 2,000 கிராமையும் தாண்டுகிறது! சூரியத் தகட்டின் கணக்கு பெரும்பாலும் அதைச் செய்யும் தொழிற்சாலையோடு முடிந்துவிடுகிறது; அணையின் கணக்கு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

என் வாக்கு சூரியனுக்கே. ஆனால் மாலை ஆறரைக்கு ஊரே விளக்குப் போடும்போது கமுதி கைவிரித்துவிடும். அந்த நேரத்துக்குத் தண்ணீர் வேண்டும். போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு என்ற பழைய நீர்த்தேக்கங்களுக்கு இடையே பகலில் நீரை மேலேற்றி மாலையில் இறக்கும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தை இதற்காகவே ஏற்கிறேன். ஏற்றும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், புதிதாக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வேண்டியதில்லை. அதே மலையில் 1,000 மெகாவாட்டுக்குப் புது அணைகள் கேட்கும் சில்லஹல்லா திட்டம் வேறு வகை. அங்கே எதிர்ப்புத் தெரிவிக்கும் படுகர் விவசாயிகளின் பக்கம்தான் நான்.