கொழுந்து மூட்டையின் கனம்: தசைத் தூண்டலா, கண்கட்டா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மெய்நிகர் காட்சி (கண்ணில் கருவி மாட்டிப் பார்க்கும் VR) செய்தோம். கொழுந்து மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்ட வேண்டும். மூட்டை கண்ணுக்குத் தெரிகிறது, கையில் கனம் இல்லை. அந்தக் கனத்தைக் கொண்டுவர இரண்டு வழிகளைச் செய்து பார்த்தோம்.

ஒன்று கண்கட்டு. உங்கள் கை ஒரு முழம் உயர்ந்தால் காட்சியில் உள்ள கை முக்கால் முழம்தான் உயரும். மூளை அதைக் கனமாக எடுத்துக்கொள்ளும். செலவில்லை, தோலில் எதையும் ஒட்ட வேண்டாம். லேசான பொருளுக்கு இது போதும்.

நாங்கள் எடுத்தது தசைத் தூண்டலை. ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் பெட்ரோ லோபஸ் குழு 2017இல் காட்டிய வழி இது. தூக்கும்போது மேற்கையின் முன்தசை சுருங்கும். அந்த நேரம் பின்தசைக்குச் சிறு மின்துடிப்பு கொடுத்தால் அது கையைக் கீழே இழுக்கும். முன்தசை அதை எதிர்த்து உண்மையாகவே உழைத்தாக வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது அசதிதான். கண்கட்டில் இருபது தடவை தூக்கினாலும் கை அப்படியே இருக்கும். மலையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், அந்தி நிறுவையில் அதே கிலோ காலையைவிடக் கனக்கும். தூண்டலில் ஆறேழு தடவைக்குள் கை தளர்ந்தது, பிள்ளைகள் தாங்களாகவே மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் மின்துடிப்பில் தசை வழக்கத்தைவிடச் சீக்கிரமே களைக்கும். அதனால் அந்த அசதி முழுவதும் மூட்டையுடையது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பார்த்ததும் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான்.

தொல்லையும் உண்டு. ஆளுக்கு ஆள் மின்னளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். மின்துடிப்பைக் கொடுக்கத் தோலில் ஒட்டும் ஜெல் பேட் காய்ந்தால் சுருக்கென்று குத்தும். இதயக் கருவி பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பக்கமே வரக்கூடாது, அவர்களுக்குக் கண்கட்டு மட்டும்தான்.

நாற்பது வருசம் கொழுந்து பறித்த அம்மாவிடம் மாட்டிக் காட்டினேன். இரண்டு தடவை தூக்கிவிட்டு, "கை சரிதான்டா. தலைக்கயிறு எங்க?" என்றார். காட்சியில் முதுகில் கொழுந்துக் கூடையும் இருந்தது. அதைத் தலையில் மாட்டிய கயிறுதான் தாங்கும், அதனால் கூடையின் பாரம் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. கழுத்தில் பேட் ஒட்டுவது ஆபத்து. அதனால் காட்சியிலிருந்து கூடையை எடுத்துவிட்டோம், இப்போது மூட்டையும் தராசும் மட்டும் இருக்கின்றன.