ஃபிஷ் அண்ட் சிப்ஸ்: கடைப் பார்சலா, வீட்டில் பொரிப்பதா?

மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் தடிமனான உருளைக்கிழங்கு வறுவலும்தான் ஃபிஷ் அண்ட் சிப்ஸ். இங்கிலாந்தில் பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தால் மேல்மாவு நமத்து, சிப்ஸ் துவண்டு கிடக்கும். பழி பொரித்தவர் மேல் விழும். பாதி நேரம் குற்றவாளி பெட்டிதான். சூடான மீனிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியில் பட்டு, திரும்ப மாவிலேயே இறங்குகிறது. பத்து நிமிடம் போதும், மொறுமொறுப்பு காலி.

நேரம், பாத்திரம், வீடு முழுக்க எண்ணெய் வாடை: மூன்றிலும் கடைதான் மேல். இரண்டு பேருக்கென்றால் வீட்டில் செய்வதில் பெரிய மிச்சமும் இல்லை. கடையின் பெரிய எண்ணெய்த் தொட்டி குளிர்ந்த மீனைப் போட்டாலும் சட்டென்று சூடு மீளும். வீட்டில் பொரிக்கும் சின்ன மின் சட்டியில் (ஃபிரையர்) அது நடக்காது. கடை வாசலிலேயே நின்று சாப்பிடுவதாக இருந்தால் யோசிக்காமல் கடைக்கே போகலாம். (வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் வெறும் சிப்ஸ் வாங்கும்போதும் கேட்டுவிடுங்கள்.)

வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பிடுவதென்றால் என் ஓட்டு வீட்டுச் சமையலுக்கு. எண்ணெயிலிருந்து தட்டுக்கு ஒரே நிமிடம் என்பதை எந்தக் கடையாலும் தர முடியாது.

ஆளுக்கு 150 முதல் 180 கிராம் காட் அல்லது ஹாடக் என்ற கடல் மீன் துண்டு. காகிதத் துணியால் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுத்துவிட்டு, உலர்ந்த மைதாவில் ஒரு புரட்டு. இதைத் தவிர்த்தால் மேல்மாவு மீனைப் பிடிக்காமல் கழன்று வரும். மேல்மாவுக்கு 150 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, குளிர்ந்த சோடா சுமார் 200 மில்லி. பஜ்ஜி மாவைவிடத் தளர்வாக, பொரிப்பதற்குச் சற்று முன் கலக்குங்கள். கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்; அடித்துக் கலக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும். மீனை இதில் தோய்த்து, 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். ஒரு நேரத்தில் இரண்டு துண்டுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடிக்கும்.

சிப்ஸுக்கு மாரிஸ் பைப்பர் வகை உருளைக்கிழங்கு, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். கழுவி, துடைத்து, 140 டிகிரியில் நிறம் மாறாமல் வேகவிட்டு, ஆறவைத்து, சாப்பிடும் முன் 190 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும்.

பொரித்ததைக் காகிதத்தில் வைக்காமல் கம்பி வலைமேல் வையுங்கள், அடிப்பக்கமும் நமக்காது. மாட்டுக் கொழுப்பில் வீட்டில் பொரித்த அனுபவம் எனக்குக் குறைவு. இந்த அளவெல்லாம் சூரியகாந்தி எண்ணெய்க்கு. ஏர் ஃபிரையருக்கு இந்த மாவு ஆகாது, கூடை வழியாகச் சொட்டும். திறந்த சட்டியில் எண்ணெய் வைப்பது தீ விபத்துக்கு அழைப்பு. சூடு தானாக நிற்கும் மின் ஃபிரையர் இல்லாவிட்டால் கடைப் பார்சலே மேல்.

அப்படி வாங்கினால் மூடியைத் திறந்தே கொண்டு வாருங்கள். நமத்துவிட்டால் மைக்ரோவேவ் வேண்டாம். 200 டிகிரி ஓவனில் கம்பி வலைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு தேறும். வினிகர் அதற்குப் பிறகு.