ஆடாதோடை மதர் டிங்சர்: இருமலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஆடாதோடை ஹோமியோபதி மருந்து கேட்டால் 30 மி.லீ. பழுப்புப் போத்தலில் தருவார்கள். வாங்குமுன் லேபலைப் பாருங்கள். 'கியூ' (Q) என்றிருந்தால் மதர் டிங்சர், அதாவது மூலிகையை மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த மூலச் சாறு. ஆடாதோடையின் சாறு உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. '30சி' என்றால் நூறில் ஒன்றாக 30 தடவை ஐதாக்கியது, மூலிகையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. அதைத் தோய்த்த சீனி உருண்டைக்குக் காசு கொடுப்பது வீண்.

டிங்சர் பச்சை கலந்த பழுப்பு, கடுங்கைப்பு. லேபலில் பெரியவருக்கு 10 துளி என்றிருந்தால் கால் கப் வெதுவெதுப்பான நீரில் எண்ணி விடுங்கள். கொதிநீர் வேண்டாம். அடியில் மண்டி படிந்திருக்கும், குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் தெளிவு, கடைசி வாரம் கசடு. ரப்பர் துளிக்குழாயைப் போத்தலிலேயே விட்டால் மதுசாரம் ரப்பரைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மூடியால் இறுக்கி வையுங்கள்.

கட்டிச் சளியோடு வரும் இருமலுக்குத்தான் இது பொருந்தும். இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். பாமசியில் கிடைக்கும் சளி இளக்கும் மருந்தான புரோம்ஹெக்சினும் அதன் வழிவந்ததே. ஆனால் 10 துளி டிங்சரில் வாசிசின் சொற்பம், ஆதலால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தொண்டைக் கரகரப்புக்குக் கொத்தமல்லி, இஞ்சி அவித்த குடிநீரே மலிவு.

கர்ப்பிணிகள் தொடவே கூடாது, வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். மதுசாரம் இருப்பதால் பிள்ளைகளுக்கும் வேண்டாம். இழுப்புக்காரர் இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அடுத்த போத்தல் வாங்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.