அனாட்டமி ஆப்புக்கு வருஷ சந்தா கட்டப் போறீங்களா, ஒரு நிமிஷம் இத படிச்சுட்டு கட்டுங்க

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. நாலு மாசம் ட்யூஷன் எடுத்து சேர்த்த காசு மொத்தமும் ஒரு த்ரீடி அனாட்டமி ஆப்ல போயிடுச்சு. பேரு சொல்லல, உடம்ப விரலால சுத்தி, தோல், தசைனு அடுக்கடுக்கா உரிச்சுப் பாக்கலாமே, அந்த ரகம்.

டிசெக்‌ஷன் ஹால்ல, அதாவது உடம்ப அறுத்துப் படிக்கிற இடத்துல, ஒரு டேபிள சுத்தி அத்தன பேர் நிப்போம், பின்னாடி நின்னா முன்னாடி இருக்கிறவங்க தலைதான் தெரியும். அதனாலதான் ஆப் தேடினேன். மூணு நாள் இலவசம், கை பகுதி மட்டும் திறந்திருந்துச்சு. நான் ஒண்ணும் கண்ண மூடிட்டு நம்பலங்க. பிரேக்கியல் பிளெக்ஸஸ, அதாவது கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்புப் பின்னல, எடுத்து புத்தகத்தோட ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தேன். தண்டுவடத்துல சி5லேர்ந்து டி1 வரைக்கும் அஞ்சு ரூட், மூணு டிரங்க், ஆறு டிவிஷன், மூணு கார்ட்னு அது பிரிஞ்சு சேர்ற வரிசை எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு. மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு கொராகோபிரேக்கியாலிஸ் தசைய துளைச்சுட்டுப் போகும்னு எத்தன தடவ மனப்பாடம் பண்ணியிருப்பேன், அது கண்ணு முன்னாடி திரும்பி நின்னப்போ அப்படி ஒரு சந்தோஷம். அந்த ராத்திரியே வருஷ சந்தா கட்டிட்டேன். நாலு மாச காசு, ஒரே தட்டுல.

மறுநாள் திறந்தா தலை, கழுத்து, மூளை எல்லாத்துக்கும் பூட்டு. 'எல்லா மண்டலங்களும்'னு போட்டுட்டு இப்போ அது தனி பேக்காம், அதுக்கு மறுபடி காசாம். சரி போகட்டும்னு மார்பு பகுதிய படிச்சேன். அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. குரல்வளைக்குப் போற ரெக்கரன்ட் லாரிஞ்ஜியல் நரம்பு ரெண்டு பக்கமும் அயோர்டா (இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய தமனி) வளைவ சுத்திட்டு மேல ஏறுற மாதிரி காட்டுச்சு, நானும் அப்படியே வைவால (வாய்மொழித் தேர்வுல) சொன்னேன். மேடம் ஒரு நிமிஷம் என்னயே பாத்தாங்க. இடது பக்கம்தான் அயோர்டா, வலது பக்கம் கைக்குப் போற சப்கிளேவியன் தமனிய சுத்தும். இடது நரம்பு மார்புக்குள்ள அவ்ளோ தூரம் இறங்கி ஏறுறதாலதான் இடது நுரையீரல் பக்கத்துல கட்டி வந்தா குரல் கம்மிப்போகுதுனு அப்புறம் அவங்கதான் பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க. நாளைக்கு நோயாளிகிட்ட போய் நிக்கப்போற பசங்க படிக்கிற படம்ங்க இது.

ஸ்க்ரீன்ஷாட்டோட சப்போர்ட்டுக்கு எழுதினேன். முதல்ல 'உங்கள் கருத்துக்கு நன்றி'னு ஒரு தானியங்கி பதில். ரெண்டாவது தடவ, ஆப்ப அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்களாம். நரம்பு தப்பா போகுதுனு சொன்னா இன்ஸ்டால் பண்ணா நேராயிடுமா? மூணாவதா வந்ததுதான் உச்சம், மனித உடம்புல வேரியேஷன், அதாவது ஆளுக்கு ஆள் அமைப்பு மாறுறது, சகஜமாம். புத்தகத்துல இருக்கிற வேரியேஷன், வலது சப்கிளேவியன் தமனி இடம் மாறி கிளம்பும்போது அந்தப் பக்க நரம்பு எதையும் சுத்தாம நேரா குரல்வளைக்குப் போறது. இவங்க படத்துல தமனி எல்லாம் நார்மலா இருக்கு, நரம்பு மட்டும் தப்பு. அத எழுதி அனுப்பினேன், அதோட பதிலே நின்னுபோச்சு.

காசு திருப்பிக் கேட்டா ஆப் ஸ்டோர்ல கேளுங்கன்றான். ஸ்டோர்ல கேட்டா நாள் தாண்டிடுச்சு, ஆப்காரங்ககிட்ட பேசுங்கன்றான். மூணு வாரமா இதே பாடு. நாலு மாசக் காசு, நாலு மாசம் ராத்திரி உக்காந்து சொல்லிக் கொடுத்த காசு.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ மனசு இல்ல. வருஷ சந்தா வேணாம், மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. இலவசமா காட்டுற பகுதி நல்லா இருந்தா மத்ததும் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க, எது எது திறக்கும்னு கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க. நரம்பு, ரத்தக்குழாய் எத பாத்தாலும் புத்தகத்தயும் பக்கத்துல திறந்து வைங்க. அப்புறம் ஆப்ப டெலீட் பண்ணா சந்தா நிக்காது, போன்ல சந்தா பக்கத்துக்குப் போய் தனியா கேன்சல் பண்ணணும், இல்லனா அடுத்த வருஷமும் தானா எடுத்துடுவான். நான் இப்போதான் அத பண்ணேன்.

யாராவது இந்த மாதிரி ஆப்ல காசு திரும்ப வாங்கியிருந்தா எப்படினு சொல்லுங்க ப்ளீஸ்.